ராஜா லேலா வங்சாவுக்கு ஒரு மகள்

கோலா செரிண்டிட் சுல்தானகத்தை நிறுவிய ராஜா லேலா வங்சாவைப் பற்றி உலகத்தில் கிடைக்கும் மொத்தச் செய்தி நாற்பத்தொரு வரி. அதில் பன்னிரண்டு வரி அவருடைய யானையைப் பற்றியது. மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எதிரி வந்து சொந்த ஊரை எரித்தான். ராஜா முப்பது படகுகளில் தப்பி ஓடிவந்தார். ஓர் ஆற்று முகத்துவாரத்தில் இறங்கி, தண்ணீர் ஆழம், காற்று நல்ல காற்று, இங்கேயே இருப்போம் என்றார். குஜராத்திலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பல்கள் வந்தன. பிறகு இறந்துபோனார். யானை எப்போது இறந்தது என்பதற்குத் தேதியே இருக்கிறது. ராஜாவுக்கு இல்லை.

இந்த நாற்பத்தொரு வரியை வைத்து அருங்காட்சியகத்துக்காக ஓர் இயந்திர ராஜாவைச் செய்து பேச வைப்பது எங்கள் நிறுவனத்தின் வேலை. அங்கே நான் இளநிலைத் தொழில்நுட்பர். எனக்கும் கீழே ஒரு பதவி இருந்தது, அதில் ஆள் இல்லை.

வெறும் ஏட்டை மட்டும் ஊட்டினால் இயந்திரம் மனிதனாகாது. முதல் தடவை அப்படித்தான் செய்து பார்த்தோம். ராஜா மூன்று நாள் யானையைப் பற்றியே பேசினார். கோபம் எப்படி வரும், பயந்தால் கையை எங்கே வைத்துக்கொள்வது, பிடிக்காத கேள்விக்கு எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பது, இதெல்லாம் எந்த ஏட்டிலும் எழுதியிருக்காது. அதற்கு உயிருள்ள ஓர் ஆள் வேண்டும். அவர் மனதைப் பதிவுசெய்யும் ஒரு தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு எட்டு மாதம் உட்கார்ந்து எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். அவருடைய மனதின் மேல் சரித்திரத்தை விதைப்போம். ஒப்பந்தத்தில் அவர் பெயர் ஆதார நபர். எங்களுக்குள் மண் என்போம்.

மண் தேவை என்று விளம்பரம் கொடுத்தோம். அறுபது வயதுக்கு மேல், கடல் தெரிந்தவர், நாலு பேரை அதட்டி வேலை வாங்கியவர். நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் தொண்ணூறு பேர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள். கடைசியில் தேர்வானவர் என் அப்பா, தண்ணிமலை. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் இழுவைப் படகுக் கேப்டன். பெரிய பெரிய கப்பல்களை இழுத்து வந்து கரையில் கட்டுவார். வீட்டிலும் எங்களை அப்படித்தான் நடத்தினார்.

"இப்படிப்பட்ட மலாயை இப்போது மலாய்க்காரர்களே பேசுவதில்லை, தனா. பழைய படகோட்டிகளின் மலாய். உன் அப்பா ஒரு பொக்கிஷம்" என்றார் டாக்டர் ஹஸ்னிஸா. அவர்தான் திட்டத் தலைவர், வரலாற்றுப் பேராசிரியர், நல்ல மனுஷி. அப்பாவை அப்படியொரு வார்த்தையால் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டு நாள் அவரை உற்று உற்றுப் பார்த்தேன். பொக்கிஷம் நாற்காலியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தது.

ராஜாவுக்குள் இருப்பது யார் என்று வெளியில் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஓர் உட்பிரிவு. அப்பா அதை இரண்டு தடவை வாசித்தார்.

"நான் எதத்தான் வெளிய சொன்னேன்?" என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்து சல்லடைப் படிவம். மண்ணின் சொந்த ஞாபகங்கள் ராஜாவுக்குள் போய்விடக்கூடாது. ராஜா திடீரென்று மின்சாரக் கட்டணத்தைப் பற்றிப் பேசினால் நன்றாகவா இருக்கும்? அதனால் ஆதார நபர் தன் சொந்த வாழ்க்கையைப் பட்டியல் போட்டுத் தரவேண்டும். மனைவி, மக்கள், நோய், துக்கம், எல்லாம். பட்டியலில் உள்ளதை இயந்திரம் சலித்து வெளியே போட்டுவிடும். படிவத்தை நிரப்ப அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தது நான்.

"பேரு?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"படிவம்ப்பா. நீங்க சொல்லணும்."

"தண்ணிமலை த.பெ. ஆறுமுகம்."

"நோய் நொடி?"

"முட்டி வலி."

"எதுக்காவது பயம் இருக்கா?"

"எனக்கா?"

இல்லை என்று எழுதினேன்.

"பிள்ளைங்க எத்தன?"

அப்பா வலது முட்டியை உள்ளங்கையால் தேய்த்தார்.

"ஒண்ணு."

ஒன்று என்று எழுதினேன். கை நிற்கவில்லை, யோசிக்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

நாங்கள் இரண்டு பேர். என் அக்கா புஷ்பலீலா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். பத்தொன்பது வயதில் ஒருநாள் காலையில் பசியாறாமல் போனாள், ஓர் எண்ணெய்ப்பனை லோரி ஓட்டுநரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல மனிதர், குடி கிடையாது, சம்பாத்தியம் உண்டு. சாதிதான் வேறு. இந்த நாட்டில் தமிழர்களுக்குள் சாதி கிடையாது என்று எல்லா மேடையிலும் சொல்வார்கள், கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகும்போதுதான் அது ஞாபகத்துக்கு வரும். அப்பா அன்றைக்கே மகளைத் தலைமுழுகினார். முறைப்படி ஆற்றுக்குப் போகவேண்டும், ஆனால் இரண்டு மணிக்கு டியூட்டி. குளியலறை ஷவரிலேயே முடித்துவிட்டுச் சீருடை மாட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா மத்தியானத்தில் குளிக்கிறாரே என்று நினைத்தது மட்டும் ஞாபகம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். மக்கள்தொகை எடுக்க ஆள் வந்தபோது அம்மா வாயைத் திறந்தார், அப்பா ஒரு பார்வை பார்த்தார், அம்மா ஒன்று என்றார். அம்மா தவறியபிறகு நானே சொல்லப் பழகிக்கொண்டேன். வீட்டில் எத்தனை பிள்ளைகள்? ஒன்று. பள்ளியில், கல்லூரியில், வேலைக்கான விண்ணப்பத்தில். பத்தொன்பது வருடப் பழக்கம் அன்றைக்கும் என் கையைப் பிடித்து எழுதவைத்தது. பட்டியலில் இல்லாததைச் சல்லடை சலிக்காது.

அப்பா எட்டு மாதம் ஒழுங்காக வந்து உட்கார்ந்தார். முடிந்த மூன்றாவது வாரம், மார்க்கெட்டில் கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். காரியமெல்லாம் சித்தப்பாக்கள் பார்த்தார்கள். அக்காவுக்குச் சொல்லவேண்டாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். மறுநாள்தான் செய்தி அனுப்பினேன். அக்கா, அப்பா தவறிட்டாரு. நேத்து. பதிலுக்கு ஒரு 'சரி' வந்தது.

ராஜா முதன்முதலாகக் கண் திறந்தபோது நானும் ஹஸ்னிஸாவும்தான் இருந்தோம். முகம் யாருடையதும் இல்லை, ஓவியர்கள் கூடிப் பேசி முடிவு செய்தது. குரலும் அப்படியே. மலாயில் பேசினார், நான் தமிழில் சொல்கிறேன். அரசரை அழைக்கும் துவாங்குவை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

"நீங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளைப் பற்றிச் சொல்லுங்கள், துவாங்கு" என்றார் ஹஸ்னிஸா.

"முப்பது படகு. என் படகில் ஓர் இடம் காலி."

"யாருக்கு?"

"மகளுக்கு."

ஹஸ்னிஸா என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்பத்தொரு வரியில் மகள் இல்லை.

"பத்தொன்பது வயது. காலையில் பசியாறச் சொன்னேன், வேண்டாம் என்று போய்விட்டாள். தலைமுடியைக் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு கட்டுவாள். படகுக் கயிற்றைப் பிரித்து அதில் ஒரு புரி எடுத்துக் கட்டிக்கொள்வாள். நீலக் கயிறு. வந்துவிட்டாளா?"

ஹஸ்னிஸா அழுதுவிட்டார். ஆறு நூற்றாண்டாக யாரும் எழுதாமல் விட்ட ஒரு பெண் என்றார். நான் அழவில்லை. ராஜா வலது முட்டியை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலக் கயிறு நைலான். அப்பா இழுவைப் படகிலிருந்து மிச்சக் கயிறு கொண்டுவருவார், துணி காயப்போட. அதில் ஒரு புரி அக்காவின் தலைக்குப் போகும். டாக்டர் ஹஸ்னிஸா அதைப் பற்றி முப்பது பக்கத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். சோழமண்டலக் கரையிலிருந்து அவுரிச் சாயம் ஏற்றிய கயிறு அந்தக் காலத்திலேயே இங்கே இறக்குமதியாகியிருக்கிறது என்று நிறுவினார். கட்டுரைக்கு விருது கிடைத்தது. விழாவில் நான்தான் புகைப்படம் எடுத்தேன்.

சொல்லியிருக்கவேண்டும். அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு கையெழுத்தில் வேலை முடிந்திருக்கும். ஆதார நபரின் சொந்த ஞாபகம் கசிந்துவிட்டது, வேரோடு எடுத்துவிடவும். சட்டம் அப்படி. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த நாளைக்கு ஏழு மாதம் வரவில்லை.

அருங்காட்சியகம் திறந்தது. ராஜாவைவிட மகளுக்குக் கூட்டம் சேர்ந்தது. ரவுண்டானாவில் அவளுக்கு ஒரு சிலை வைத்தார்கள், காற்றில் பறக்கும் கூந்தலோடு, நீலக் கயிறு சகிதம். எதிர்க் கடையில் நீலச் சாறு ஊற்றிய ஐஸ் துருவல், பெயர் இளவரசி ஐஸ் காச்சாங். பள்ளிகளில் நாடகம். பிறகு அந்த விளையாட்டு ஆரம்பித்தது.

கூடத்தில் பாதிப் படகு ஒன்று செய்து வைத்திருக்கிறோம், கீழே தண்ணீர் ஓடும், ராஜா படகில் உட்கார்ந்திருப்பார். எதிரே மரத்தாலான சின்னப் படகுத்துறை. பார்க்க வரும் பெண்கள் அந்தத் துறையில் நின்றுகொண்டு, "துவாங்கு, நான்தான் உங்கள் மகள்" என்பார்கள். தோழி படம் பிடிப்பாள். முதல் வாரம் ராஜா ஒவ்வொருத்தியையும் கிட்டே வரச் சொல்லிப் பார்த்தார். ஈப்போவிலிருந்து வந்த ஒரு பெண்ணை வெகுநேரம் பார்த்துவிட்டு இல்லை என்றார். அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் யார் சுங்கவரியைப் பற்றிக் கேட்டாலும் பதில் இல்லை. நாலாவது மாதத்தில், அவர்கள் வாயை மூடுவதற்குள் இல்லை என்று சொல்லப் பழகிவிட்டார். பாவம், அது அவ்வளவு சரியான நேரத்தில் விழும், கூடமே கைதட்டும். அதை அவருக்கு நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை. பொதுமக்கள் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்தக் காணொளிகளில் ஒன்று மூவாரில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா அங்கே தாதி. மத்தியானம் கூப்பிட்டாள். தீபாவளி வாழ்த்துக்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"தம்பி, அந்த ராஜா யாருடா?"

"லேலா வங்சா. அந்தக் காலத்துல முப்பது படகுல…"

"தனா."

பின்னால் ஏதோ ஒரு மெஷின் பீப் பீப் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பாதான்க்கா."

"நீலக் கயிறுன்னு அந்தாளு சொன்னதும் ஊசிய வேற எடத்துல குத்திட்டேன்."

"ஐயோ, யாருக்கு?"

"ஒரு சீனத் தாத்தாவுக்கு. ஒண்ணும் ஆகல, நல்லா திட்டினாரு." குரலைத் தாழ்த்தினாள். "அப்ப என்னத்தான் கேக்கறாரா?"

"ஆமா."

"தெனமுமா?"

"திங்கக்கெழம மூடியிருக்கும்."

"அன்னிக்கு?"

"அன்னிக்கும் கேக்கறாரு. கூடத்துல யாரும் இருக்க மாட்டாங்க."

மெஷின் அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ ஒரு நோயாளி "மிஸ்ஸி, மிஸ்ஸி" என்று தாதியைக் கூப்பிட்டார். அக்கா புதன்கிழமை வருகிறேன் என்று வைத்துவிட்டாள்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கினாள். நாற்பது வயதுக்கு நரை அதிகம். தலைமுடியைச் சின்னதாக வெட்டியிருந்தாள், கட்ட ஒன்றும் இல்லை. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒல்லியா இருக்கியேடா. என்ன சாப்பிடற நீ?"

"மெகி."

"மூஞ்சியப் பாரு, மெகியாம்."

காரிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டே இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்.

"அக்கா, ராஜாவுக்கு வாய்க்காவல்னு ஒண்ணு போட்டிருக்கோம். அவரு உன்ன அடையாளம் கண்டு, நீதான்னு வாய்விட்டுச் சொல்லிட்டாருன்னா, உசுரோட இருக்கற ஒரு ஆளோட சொந்த விஷயம் வெளிய வந்துட்டதுன்னு மெஷின் எடுத்துக்கும். அந்த நொடியே வேரோட வெட்டிடும். யாரையும் கேக்காது. அப்புறம் அவருக்கு மகளே கெடையாது."

"மறுபடியும் தலமுழுகிடுவாரு."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"மனசுக்குள்ள நெனச்சாருன்னா?"

"அது பரவால்ல. மனசுக்குள்ள என்ன வேணும்னாலும் வச்சுக்கலாம், வாய்ல வரக்கூடாது."

"நம்ம வீடு மாதிரி."

"ஆமா."

"இது அவருக்குத் தெரியுமா?"

"அவருக்குக் குடுத்த விதிமுறைல மொதப் பக்கத்துலயே இருக்கு."

அக்கா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பரவால்லடா. வெட்டட்டும். எனக்கு ஒரு தடவ சொன்னாப் போதும். நீதாம்மான்னு ஒரே ஒரு தடவ. அத வாங்கத்தான் வந்தேன். அப்புறம் அவரு யாரோ, நான் யாரோ."

"நம்ப மாட்டாருக்கா. இதுவரைக்கும் எத்தன ஆயிரம் பேரு வந்து அதே வசனத்த சொல்லிட்டாங்க தெரியுமா?"

"எங்கிட்ட ஒரு வார்த்த இருக்கு. அவரு என்ன மட்டும் கூப்பிடற பேரு. அம்மாவுக்கே தெரியாது. அதச் சொன்னா சொல்லித்தான் ஆகணும்."

"என்ன பேரு?"

"உனக்கெதுக்கு?"

பள்ளிக்கூட பஸ்கள் பத்தரைக்குத்தான் வரும். கூடத்தில் எங்களைத் தவிர புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி மட்டும். அக்கா வாசலிலேயே நின்றாள்.

"இது அப்பா இல்லியே" என்றாள். குரல் அப்படியே இறங்கிவிட்டது. "வேற யாரோ மாதிரி இருக்காரு."

அப்போது ராஜா முட்டியைத் தேய்த்தார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஊசி போட்டுப் பழகிய கை, இரும்பு மாதிரி இருந்தது.

புதுப்பெண் துறையில் ஏறி, "துவாங்கு, நான்தான் உங்கள்…" என்று ஆரம்பிக்கும்போதே ராஜா இல்லை என்றார். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தான். இன்னொரு தடவை எடுத்தார்கள். இன்னொரு இல்லை. போய்விட்டார்கள்.

அக்கா துறையில் ஏறினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மலாயில் ஆரம்பித்தாள்.

"துவாங்கு, நான் வந்திருக்கிறேன்."

"யார்?"

"உங்கள் மகள்."

அக்காவைப் பார்த்தார். முகத்தை, நரைத்த முடியை, மறுபடியும் முகத்தை. என் பாக்கெட்டில் இருந்த வாய்க்காவலின் எச்சரிக்கைக் கருவி எந்த நொடியும் கத்தும் என்று கையை வைத்து மூடிக்கொண்டேன்.

"இல்லை" என்றார் ராஜா.

அக்கா வாயைத் திறந்தாள். அந்த வார்த்தை உதட்டு விளிம்பு வரை வந்ததை நான் பார்த்தேன். உதடு குவிந்தது. ஒரு மூச்சுக்கூடப் போதும். அவள் மூடிக்கொண்டாள்.

"சரி, துவாங்கு. நான் அவள் இல்லை. சும்மா சொன்னேன்."

"எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்."

"அவளை வழியில் எங்கேயாவது பார்த்தால் என்ன சொல்லட்டும்?"

ராஜா கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தார்.

"எல்லோரிடமும் தண்ணீர் வற்றுகிறது, இனிமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லித்தான் படகை எடுத்தேன். அது பொய். கடல் இறங்க இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. கயிற்றை அவிழ்த்தது படகோட்டிகள் இல்லை, நான். அதைச் சொல்."

"சொல்கிறேன்."

"பசியாறினாளா என்று கேள்."

"கேட்கிறேன்."

"வெயிலில் நிற்கவேண்டாம் என்று சொல். அவளுக்கு மயக்கம் வரும்."

அக்கா தலையை ஆட்டினாள். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் பின்பக்கமாகவே நாலு படி இறங்கி வந்தாள், கோயிலில் சன்னிதிக்கு முதுகைக் காட்டாமல் வருவதைப் போல.

அவளைக் கேண்டீனில் உட்காரவைத்து பால் கலந்த சூடான தே ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு நான் பின்னறைக்குப் போனேன். ராஜா பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் பதிவு உண்டு. வாய்க்காவல் எங்கேயாவது குறுக்கிட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும், அது என் வேலை. வேலை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

காவல் குறுக்கிடவில்லை. அதற்கு மேலே இருந்த வரியைப் பார்த்தேன். நேரம் ஒன்பது நாற்பத்திரண்டு. பார்வையாளர் கூடத்துக்குள் நுழைகிறார். நடை, முகம், உயரம். மகளுடன் பொருத்தம் தொண்ணூற்றேழு விழுக்காடு. அக்கா வாசலில் நின்று, இது அப்பா இல்லியே என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. இவள் அவரைத் தெரியவில்லை என்றபோதே அவருக்கு இவளைத் தெரிந்துவிட்டது.

அதற்குக் கீழே புதுப்பெண்ணின் இரண்டு இல்லை. அதற்குக் கீழே அக்கா. பார்த்த நேரம் பதினொரு வினாடி. பதில், இல்லை.

தெரிந்தே சொல்லியிருக்கிறார். சொன்னால் மகளை வெட்டிவிடுவார்கள், வாயை மூடிக்கொண்டால் அவள் இருப்பாள் என்று விதிமுறையைப் படித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். இல்லாவிட்டால் என் அப்பா தண்ணிமலை எப்போதும் சொல்வதைச் சொல்லியிருக்கலாம். பதிவில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலியாக இருந்தது.

கேண்டீனுக்குத் திரும்பும் வழியில் இரண்டு பொய் தயார் செய்தேன். அக்கா தேயைத் தொடவில்லை, மேலே ஆடை படிந்திருந்தது.

"ஏன்க்கா அந்த வார்த்தையச் சொல்லல?"

"வர்ற திங்கக்கெழம அந்தக் கூடத்துல யாரையும் கேக்காம சும்மா உக்காந்திருப்பாருன்னு நெனச்சுப் பாத்தேன். முடியலடா." கிளாஸைச் சுற்றித் திருப்பினாள். "அவருக்குத் தெரிஞ்சுதா?"

இரண்டு பொய்யும் வாய்க்கு வரவில்லை.

"தெரிஞ்சுது. நீ வாசலத் தாண்டும்போதே."

அக்கா கிளாஸைத் திருப்புவதை நிறுத்தினாள்.

"அப்புறம் ஏன் இல்லன்னாரு?"

"சொல்லியிருந்தா உன்ன வெட்டியிருக்கும்ல. அதுக்காகத்தான் இருக்கும்." நல்ல காரணம். சொல்லும்போது நானே பாதி நம்பினேன்.

அக்கா சிரித்தாள். சத்தமில்லாமல், மூக்கால்.

"உனக்குத் தெரியாதுடா. பாப்பா பொறந்து மூணாம் மாசம் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ ஸ்கூல் போயிட்ட. அப்பா கேட்டுக்கு வெளிய காடி கழுவிக்கிட்டு இருந்தாரு. நான் பக்கத்துல போய் நின்னேன். எதிர் வீட்டு அங்கள் அங்கேருந்து, யாரு தண்ணிமலை அதுன்னு கேட்டாரு. அப்பா நிமிந்து பாத்தாரு. யாரோ, தெரியலன்னாரு. மறுபடியும் குனிஞ்சு டயரக் கழுவினாரு."

வெளியே முதல் பஸ் வந்து நின்றது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து இறங்கினார்கள். ஆசிரியை எண்ணிக்கொண்டிருந்தார்.

"தம்பி."

"என்னக்கா?"

"எவ்ளோ நேரம் பாத்தாருன்னு அதுல எழுதியிருக்குமா?"

"பதினொரு வினாடி."

கேண்டீன் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அக்கா அதன் வினாடி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் ஒவ்வொன்றாக நகர்ந்தது. உதடு அசைந்தது, எண்ணுகிறாள். முடித்ததும் ஆறிப்போன தேயை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"அன்னிக்கு இவ்ளோ நேரம் பாக்கல" என்றாள்.